குடும்பத்தோடு பார்க்கலாம்!

"குடும்பத்தோடு பார்க்கிறாற்போல ஒன்றைச் சொல்லியிருக்கக் கூடாதா, சார்?"

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை, வாயிலிலேயே என்னை மறித்துக் கேட்ட கேள்வி இது. நல்லவர்; உழைப்பாளி; மகளின் மதிப்பெண்களை விரல்நுனியில் வைத்திருப்பவர். ஏனைய நாள்களில் என்னைத் 'தம்பி' என்றே அழைப்பார். அன்று நான் 'சார்' ஆகிவிட்டேன். நம் நாட்டில் சினம் வரும்போது மரியாதையும் கூடவே வந்துவிடுகிறது!

நான் இழைத்த குற்றம் என்ன? விடுமுறைக்கு முன்னாள், "என்ன பார்க்கலாம், ஐயா? ஒன்று சொல்லுங்கள்" என்று வகுப்பே கேட்டது. 'அயலி' பாருங்கள் என்றேன். எட்டுப் பகுதிகள்தாம்; அம்மாவையும் பாட்டியையும் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு பாருங்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன். அந்தச் சேர்க்கைதான் வினையாயிற்று. பாட்டி அமர்ந்தார், அம்மா அமர்ந்தார், அண்ணனும் அமர்ந்தான். சிறிது நேரத்தில் தந்தை எழுந்து சென்று நிறுத்திவிட்டார். "வயசுக்கு வருகிறதையெல்லாம் நடுக்கூடத்தில் போட்டுக் காட்டுகிறான், அதை எல்லாரும் கூடி உட்கார்ந்து பார்க்கச் சொல்கிறீர்களே!" என்றார் என்னிடம்.

நான் வாய் திறக்கவில்லை. சொல் இல்லாமல் அன்று. என் கண்முன் ஒரு காட்சி எழுந்து நின்று நாவைக் கட்டிவிட்டது. சென்ற ஆண்டு, இதே மாணவிக்கு மஞ்சள் நீராட்டு விழா. பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டு வாயில் வரை பதாகைகள். பதாகையின் நடுவே, பட்டும் நகையும் பூட்டி, ஆளுயரத்துக்கு அந்தப் பிள்ளையின் படம். சுற்றிலும் மாமன்மார் தலைகள், சித்தப்பன்மார் தலைகள், வட்டச் செயலாளர் தலை! மூன்று தெருவுக்குக் கேட்கும் ஒலிபெருக்கி. ஊராருக்கு என்ன செய்தி அறிவிக்கப்பட்டது அன்று? பதின்மூன்று வயதுச் சிறுமியின் உடலில் நேர்ந்த ஒரு மாறுதல். அதை நாற்சந்தியில் நாட்டி வைத்தால் பண்பாடு; அதற்குப் பிறகும் அந்தச் சிறுமி பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று ஒருவர் கதை சொன்னால், அது குடும்பத்தோடு பார்க்கத் தகாதது!

'அயலி'யைப் பாராதவர்களுக்காகச் சொல்கிறேன். 2023-ஆம் ஆண்டு இணைய ஒளிபரப்பில் வந்த தொடர், இயக்கியவர் முத்துக்குமார். கதை நடப்பது 1990-இல், புதுக்கோட்டைச் சீமையில், வீரப்பண்ணை என்னும் சிற்றூரில். அங்கே பெண் பூப்பெய்தினால் படிப்பு முடிந்தது, மணவறை திறந்தது. மீறினால் ஊர்த்தெய்வம் அயலி சீறுவாளாம், ஊரே அழியுமாம்! தமிழ்ச்செல்வி என்னும் சிறுமி மருத்துவராக வேண்டும் என்று விரும்புகிறாள். என்ன செய்வாள், பாவம்? பூப்பெய்தியதை மறைத்துவிடுகிறாள். ஒரு பொய், அதைக் காக்க நூறு பொய். முதலில் அஞ்சி நடுங்கும் தாய் குருவம்மாள், பிறகு மகளின் பொய்க்குக் காவலாக நிற்கிறாள். அந்தத் தாய் நிமிரும் இடந்தான் தொடரின் உயிர் என்பேன். சாமியையும் சாதியையும் ஆணின் வீம்பையும் ஒரே கயிற்றில் கட்டி இழுத்து வந்து நடுக்கூடத்தில் நிறுத்துகிறது அந்தக் கதை. மகளும் தாயும் பாட்டியும் ஒரே பாயில் உட்கார்ந்து பார்க்க அதனினும் ஏற்றது எது? மூன்று தலைமுறைக்கும் அது சொந்தக் கதையாயிற்றே! பாட்டியின் படிப்பு எந்த நாளில் நின்றது என்று அந்த வீட்டில் எவரேனும் என்றேனும் கேட்டதுண்டா?

'குடும்பத்தோடு பார்க்கலாம்!' இந்தத் தொடரை நான் பல நாள் எண்ணிப் பார்த்திருக்கிறேன். நாளேட்டில் திறனாய்வு எழுதுவோர் இதைச் சொல்கின்றனர். படம் எடுத்தோர் சுவரொட்டியில் அச்சிடுகின்றனர். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் பரிந்துரைக்கின்றார். நடிப்பு எப்படி, கதை எப்படி, சொல்ல வந்த கருத்து எது என்பவை பின்னுக்குப் போய்விட்டன. முத்திரை விழுந்ததா, போதும்! அரசும் அந்த முத்திரைக்குக் காசு மதிப்பு வைத்ததுண்டு. தமிழில் பெயரிட்ட படங்களுக்குக் கேளிக்கை வரி இல்லை என்று 2006-இல் வந்த சலுகைக்கு, 2011-இல் நிபந்தனைகள் சேர்க்கப்பட்டன. தணிக்கையாளரின் 'யு' சான்று இருக்கவேண்டும், தமிழ்ப் பண்பாட்டுக்கு உகந்ததாக இருக்கவேண்டும் என்பவை அவற்றுள் அடக்கம். பண்பாட்டுக்கு உகந்தது எது என்பதை யார் அளப்பது? எந்தக் கோலால் அளப்பது?

அந்தக் கோலைத்தான் இங்கே எடுத்து வைத்துப் பார்க்க விழைகிறேன். எவையெல்லாம் அந்த முத்திரையோடு நம் இல்லத்துள் நுழைந்தன?

1987-இலும் 1988-இலும், ஞாயிறு காலைதோறும் தூர்தர்ஷன் இராமாயணத்தை ஒளிபரப்பியது. பெட்டிக்கு மாலையிட்டுச் சூடம் காட்டிப் பார்த்தார்கள் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2020-இல், பெருந்தொற்றுக்கு அஞ்சி நாடே கதவடைத்திருந்தபோது அதைத் திரும்பவும் ஒளிபரப்பினர், நானே பார்த்தேன். குடும்பத்தோடுதான் பார்த்தோம்! கட்டிய மனைவியின் கற்பை ஐயுற்று அவளை நெருப்பில் இறங்கச் செய்யும் கதை. குழந்தைகள் பார்க்கலாம், குற்றமில்லை.

அதற்கு முன்பு, பல தலைமுறைகளாக ஊர்தோறும் அரிச்சந்திரன் நாடகம். சந்திரமதியைக் கடைத்தெருவில் நிறுத்தி விலை கூறுகிறான் கணவன். பிறகு சுடுகாட்டில், அவள் கழுத்தை வெட்டவே வாளை ஓங்குகிறான். ஏன்? வாய்மை காக்க! விற்றவன் வாய்மை காத்தான், விற்கப்பட்டவள் எதைக் காத்தாள் என்று விடிய விடியப் பார்த்த எவரும் கேட்டிலர். இடுப்பில் குழந்தையோடு வந்த தாய்மார் கண்ணீர் சிந்திவிட்டு, விடியலில் வீடு திரும்பி அடுப்பு மூட்டினர்.

நளாயினி கதையையோ கேட்கவே வேண்டா. கணவனுக்குத் தொழுநோய். அந்த நிலையிலும் அவனுக்குத் தாசி வீட்டு ஆசை. கூடையில் அவனை உட்கார வைத்துத் தலையில் சுமந்து, தாசி வீட்டு வாயிலுக்குக் கொண்டுபோகிறாள் பத்தினி. சூரியனே அவள் சொல்லுக்கு அடங்கி எழாமல் நின்றானாம்! சூரியனை நிறுத்தத் தெரிந்தவளுக்குக் கூடையை இறக்கி வைக்கத் தெரியவில்லை. கற்புக்கரசி என்று பட்டம் சூட்டி, கதையாகவும் பாட்டாகவும் கூத்தாகவும் பெண்மக்களுக்கு இதைப் போதித்தனர். ஆபாசம் என்று எவரேனும் முகஞ்சுளித்ததுண்டா? இல்லை. குடும்பத்தோடு கேட்கலாம், குலம் தழைக்கும்!

இந்த இடத்தில்தான் என் முதற் பரிந்துரையைச் சொல்ல வேண்டும். பழைய படம், ஆனால் இன்னும் பழசாகவில்லை. 1954-இல் வந்த 'இரத்தக் கண்ணீர்'. திருவாரூர் தங்கராசு எழுதியது, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கியது, நடிகவேள் எம்.ஆர்.இராதா மேடையில் ஆடி ஆடி மெருகேற்றிய பின் திரைக்கு வந்தது. இராதாவின் குரல்தான் எல்லோர் நினைவிலும் நிற்கிறது. அந்தக் கேலியும் குத்தலும் இன்றும் கைப்பேசியில் துண்டு துண்டாகச் சுற்றுகின்றன. ஆனால் கதை போய் முடியும் இடத்தை எத்தனை பேர் எண்ணினர்? அங்கேயும் கணவனுக்குத் தொழுநோய். அங்கேயும் தாசி. அங்கேயும் பொறுமையே உருவான மனைவி. நளாயினியின் கதை அப்படியே இருக்கிறது, முடிவொன்றைத் தவிர. மனைவி அவனைக் கூடையில் சுமக்கவில்லை. நோயுற்ற அந்தக் கணவன், தன் நண்பன் பாலுவை அழைத்து, தன் மனைவி சந்திராவை மணந்துகொள்ளச் சொல்கிறான்! கணவன் உயிரோடு இருக்கும்போதே, அவன் கண்ணெதிரே, அவன் சொல்லி, மனைவிக்கு மறுவாழ்வு. சென்ற ஆயிரம் ஆண்டுக் கூடையை ஒரே உதையில் உருட்டிவிட்ட காட்சி அது. இன்று, இத்தனை ஆண்டுகள் கழித்து, எந்தப் படத்தில் இப்படி ஒரு முடிவு வைக்கிறார்கள், சொல்லுங்கள்!

குறையும் உண்டு, மறைக்கமாட்டேன். தொழுநோயைத் தீயொழுக்கத்தின் தண்டனை போலக் காட்டியது தவறு. அது கிருமியால் வருவது. கூட்டு மருந்தால் முற்றும் குணமாவது. நோயாளியைப் பழிப்பது பகுத்தறிவாகாது. தாசியை வஞ்சகியாகவே வரைந்ததும் எனக்கு உடன்பாடன்று. அவளை அந்தக் குலத்தில் பிறப்பித்த கோயிலும் மிராசும் தப்பித்துக்கொண்டன. ஆயினும் பாருங்கள், அம்மாவோடும் அப்பாவோடும் அமர்ந்து பாருங்கள். சந்திராவின் மறுமணம் வரும்போது வீட்டில் யார் முகம் எப்படி மாறுகிறது என்பதையும் பாருங்கள். படத்தைவிட அது சுவையாக இருக்கும்.

அதே 1954-இல்தான் சென்னை மாநிலத்தில் நாடகங்களைக் கட்டுப்படுத்தப் புதுச் சட்டமும் வந்தது. இராதாவின் இராமாயண நாடகத்தை அடக்கவே அது வந்தது என்று அந்நாளில் நாடறியப் பேசினர். காவல்துறையிடம் நாடகப் பிரதியைக் கொடுத்து இசைவு பெறும் முறைக்கு அது அரணாக நின்றது. பரீக்ஷா ஞாநி தொடுத்த வழக்கில், 2013-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முதன்மையான பிரிவுகளை அரசமைப்புக்கு முரணானவை என்று வீழ்த்தும்வரை, ஏறத்தாழ 58 ஆண்டுகள் அது உயிரோடிருந்தது. சீதை தீக்குளித்த காட்சிக்கு எந்த அரசும் இசைவு கேட்டதாக நான் அறியேன்.

தொலைக்காட்சித் தொடர்களுக்கு வருவோம். மாலை ஆறு தொடங்கி இரவு பத்து வரை, தமிழ் இல்லங்களில் ஒரே அழுகை. மாமியார் அறைகிறாள், மருமகள் அழுகிறாள். தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். மண்சோறு தின்கிறாள். கணவன் இன்னொருத்தியை அழைத்து வந்தாலும் அவனுக்காகத் தீ மிதிக்கிறாள். இவற்றுள் எதற்கும் எந்தத் தந்தையும் எழுந்துபோய்ப் பெட்டியை நிறுத்தக் காணோம். பகுத்தறிவுப் பாசறையில் வளர்ந்தோர் நடத்தும் அலைவரிசைகளும் இதற்கு விலக்கல்ல. சொல்ல வெட்கமாயிருக்கிறது, சொல்லாதிருந்தால் இன்னும் வெட்கம்.

இந்த அழுகைக்குப் பின்னால் ஒரு கணக்கிருக்கிறது. மருமகள் ஒருநாள், "போதும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறிவிட்டால் கதை முடிந்துவிடும். கதை முடிந்தால் விளம்பரம் போய்விடும். ஆகவே அவள் வெளியேறக் கூடாது, சாகவும் கூடாது, ஆயிரம் நாள் அடிபட வேண்டும். சோப்புக்காரரும் புடவைக்கடைக்காரரும் அவளை அந்த வீட்டிலேயே பூட்டி வைத்திருக்கின்றனர். கணவன் பெயரளவுக்குத்தான் கொடியவன்!

வெளியேறிய மருமகளும் ஒருத்தி உண்டு. 2003 முதல் 2009 வரை வந்த 'கோலங்கள்' தொடரின் அபி. தன்னை மதியாத கணவனை விட்டு விலகிக் கட்டடத் தொழில் நடத்தினாள். 1500 பகுதிகளுக்கு மேல் இழுத்தார்கள் என்பது வேறு. ஆனாலும் எங்கள் வீட்டில் என் அத்தை அந்தத் தொடரைப் பார்த்த விதமே தனி. பண்டிகை நாளிலும் பெட்டியை விட்டு எழமாட்டார். அபி வெல்லும் நாளில் குழம்பில் உப்பு சரியாக இருக்கும்! அதே இயக்குநர் திருச்செல்வம் 2022-இல் தொடங்கிய 'எதிர்நீச்சல்' தொடரில், படித்த மருமக்களை வீட்டுக்குள் அடைத்து வைக்கும் குணசேகரன் என்னும் கொடுங்கோலனைக் காட்டினார். நோக்கம் நல்லது. நடந்ததோ வேறு. அந்தப் பாத்திரத்தில் மாரிமுத்து அத்துணைத் திறமாக நடித்தார்; அவர் பெண்களை அதட்டி விளித்த விளிச்சொல் நாடெங்கும் நகைச்சுவையாகப் பரவிற்று. எங்கள் பள்ளித் தாழ்வாரத்தில் ஏழாம் வகுப்புப் பையன்கள் கூடப் படிக்கும் பெண்களை அப்படியே விளித்து விளையாடக் கண்டேன். கண்டித்தேன். "டிவியில வருது, சார், வீட்ல எல்லாரும்தான் பார்க்கிறோம்" என்றான் ஒருவன். எல்லோரும் பார்த்தது உண்மை. பார்த்துவிட்டு எவரும் ஒரு சொல் பேசவில்லை என்பதும் உண்மை.

பரிந்துரை என்றால் பெயரைச் சொல்லிவிட்டு நகர்வதன்று என்பதை நான் அந்தப் பையனிடம்தான் கற்றேன். பார்த்தபின் பேசவேண்டும். கைப்பேசியும்தான் பரிந்துரைக்கிறது, நேற்று எதைப் பார்த்தோமோ அதன் தம்பியை இன்றும், தங்கையை நாளையும் நீட்டுகிறது. பேச்சுக்கு அது வருமா?

'குடும்பம்' என்னும் அந்தச் சொல்லைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் இன்னும் பல வெளிவருகின்றன. 'குடும்பப் பெண்' என்கிறோமே, அது யாருக்கு எதிர்ச்சொல்? தாசிக்கு. பாட்டும் ஆட்டமும் ஒரு கூட்டத்துப் பெண்களின் தலையில் தொழிலாகக் கட்டப்பட்டன. குடும்பம் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. மற்றொரு கூட்டத்துக்குக் குடும்பம் கொடுக்கப்பட்டது, பாட்டு மறுக்கப்பட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும், மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் பொட்டுக்கட்டும் கொடுமையை எதிர்த்து நின்றதும், 1947-இல் சட்டம் வந்ததும் நம் பெருமை. அம்மையார் 1936-இல் எழுதிய 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' நாவலை நான் கல்லூரியில் படித்தேன். சொந்தப் புண்ணைச் சொந்தக் கையால் கீறிக் காட்டிய எழுத்து. ஆனால் கூடவே நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1935-இல் ருக்மிணி தேவி அடையாற்றில் மேடையேறி ஆடினார். 'குடும்பப் பெண்கள்' ஆடத் தொடங்கினர். ஆட்டம் தெய்விகக் கலையாயிற்று. தலைமுறை தலைமுறையாக அதைக் காத்துக் கொடுத்தவர்களின் பெண்மக்கள் மேடைக்குக் கீழே நின்றுவிட்டனர். இழிவு ஒழிந்தது நன்று. கலையும் அவர்கள் கையை விட்டுப் போனது நன்றோ?

எனவே அடுத்த பரிந்துரை: சத்யஜித் ரே 1976-இல் எடுத்த 'பாலா' என்னும் குறும்படம். வீணை தனம்மாளின் பேத்தி பாலசரசுவதியைப் பற்றியது. கடற்கரையில், காற்று புடவையைப் பறிக்க, அவர் ஆடும் ஆட்டத்தைப் பாருங்கள். அதில் குடும்பம் இருக்கிறது: பாட்டி, தாய், மகள் என்று பெண்வழியாக வந்த குடும்பம். நம்மவர் கணக்கில் அது குடும்பமே அன்று!

இசையென்றால் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேளுங்கள். நாதசுரக்காரர் மேலாடையின்றி நிற்கவேண்டும் என்றிருந்த காலத்தில் சட்டையும் கோட்டும் அணிந்து, கிராப்புத் தலையோடு, சரியாசனம் கேட்டு வாங்கியவர். இராகம் தெரியாவிட்டாலும் அந்த நிமிர்வு காதில் விழும். பறையைக் கேளுங்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் எங்கள் பக்கத்துத் திருமணங்களுக்குக் கேரளத்திலிருந்து செண்டை மேளம் வருகிறது. அதுவும் தோல், இதுவும் தோல். அயலூர்த் தோல் மண்டபத்துள் முழங்கலாம். உள்ளூர்த் தோல் பிணத்தின் முன்தான் முழங்கவேண்டுமாம். குடும்ப விழாவாயிற்றே!

நாடகத்தில் ஒன்று. ஔவை என்றதும் நம் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது யார்? கூன் விழுந்த பாட்டி, திருநீறு, கைத்தடி. 1953-இல் ஜெமினி எடுத்த 'ஔவையார்' படத்தில், திருமணத்துக்கு அஞ்சிய இளம்பெண் பிள்ளையாரை வேண்டிக் கிழவியாகிவிடுகிறாள், பிறகு கே.பி.சுந்தராம்பாள் வருகிறார், பாடுகிறார். குரலுக்கு நான் அடிமை. ஆனால் எண்ணிப் பாருங்கள்: அறிவுள்ள பெண் ஒருத்தி ஊர் சுற்ற வேண்டுமானால், அவள் முதலில் இளமையை இழக்கவேண்டும்! சங்க நூல்களில் 59 பாடல்கள் பாடிய ஔவை அப்படிப்பட்டவளா? அதியமானோடு கள்ளருந்தியவள், தூது சென்று தொண்டைமானின் முகத்துக்கு நேரே எள்ளல் பேசியவள். அந்த இளம் பாணர்குலப் பெண்ணை மேடைக்கு மீட்டு வந்தது இன்குலாப் எழுதி மங்கை இயக்கிய 'ஔவை' நாடகம். உங்கள் ஊரில் எவரேனும் நடத்தினால் விடாதீர்கள். இல்லையேல் நூலைத் தேடிப் படித்து வீட்டிலேயே ஆளுக்கொரு பாத்திரமாக வாசியுங்கள். ஆசிரியர்களுக்கு இது இரட்டிப்புக் கடமை. நானே போன ஆண்டு விழாவில் ஒரு சிறுமிக்கு நரைமுடி ஒட்டிக் கைத்தடி கொடுத்து ஔவையாக அனுப்பியவன்தான்!

அண்மைப் படங்களுள் 2018-இன் 'பரியேறும் பெருமா'ளைப் பாராதோர் குறைவு; அதைப் பற்றி மீண்டும் எழுதுவானேன்? ஆனால் 2024-இல் வந்த 'கொட்டுக்காளி'யை எத்தனை பேர் பார்த்தீர்கள்? இயக்கியவர் பி.எஸ்.வினோத்ராஜ். பின்னணி இசையே கிடையாது. மீனா என்னும் பெண் வேறு சாதிப் பையனை விரும்பினாள். அவளைப் பேய் பிடித்துவிட்டது என்று குடும்பமே முடிவு கட்டி, ஓர் ஆட்டோவிலும் இரு சக்கர வண்டிகளிலுமாகச் சாமியாடியிடம் அழைத்துப் போகிறது. படம் முழுவதும் அந்தப் பயணந்தான். மீனா பேசுவதில்லை, பேச வேண்டியதெல்லாம் அவள் கண்ணில் இருக்கிறது. அவளை மணக்கவிருக்கும் பாண்டி, அவள் ஒரு பாட்டை முணுமுணுத்ததற்காக வெறிகொண்டு அடிக்கிறான்; தடுக்க வந்த பெண்களுக்கும் அடி. சுற்றி நிற்கும் ஆண்கள்? வண்டியைச் சரிபார்க்கிறார்கள், பீடி பற்றவைக்கிறார்கள். கடைசியில் சாமியாடி இன்னொரு பெண்ணுக்குப் 'பேயோட்டும்' முறையைப் பாண்டி தன் கண்ணால் பார்க்கிறான். பிறகு என்ன செய்தான் என்று படம் சொல்லவில்லை. நம்மைப் பார்த்துக் கேட்டுவிட்டு நின்றுவிடுகிறது.

"இதையா குடும்பத்தோடு பார்ப்பது?" என்பீர்கள். ஐயா, அந்த ஆட்டோவில் இருப்பது குடும்பம்தானே! தாய், தந்தை, அத்தை, மாமன், சின்னப் பையன், நேர்ந்துவிட்ட சேவல். ஒருவர் குறையவில்லை. திரையில் குடும்பம் முழுவதும் இருக்கலாம், எதிரே இருக்கக் கூடாதோ? அடி வரும் காட்சி சிறு பிள்ளைகளுக்கு ஆகாது என்றால் ஒப்புக்கொள்கிறேன், உறங்கவிட்டுப் பாருங்கள். ஆனால் தந்தை பார்க்க வேண்டும். அண்ணன் பார்க்க வேண்டும். அவர்கள் மட்டும் தனியாக அன்று, அந்த வீட்டுப் பெண்கள் அருகிலிருக்கும்போது பார்க்க வேண்டும். கூச்சமாக இருக்கிறதென்றால், கூச்சம் படத்தில் இல்லை.

மாணவியின் தந்தை என்னிடம் கேட்டதோடு நில்லாமல் தலைமையாசிரியரிடமும் சென்று முறையிட்டார். எழுத்து மூலம் விளக்கம் தரும்படி எனக்கு ஆணை வந்தது. மூன்றே வரியில் கொடுத்தேன்: மேற்படி தொடரை நான் பரிந்துரைத்தது உண்மை. குடும்பத்தோடு பார்க்கச் சொன்னதும் உண்மை. அரையாண்டு விடுமுறைக்கும் கேட்டால் சொல்வேன். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, மறுபடி படித்தார். "கடைசி வரி வேண்டுமா, தம்பி?" என்றார். வேண்டும் என்றேன். கோப்பில் வைத்துவிட்டார்.

அந்த மாணவியை மறுவாரம் நூலகத்தில் கண்டேன். வீட்டில் ஏதேனும் தொல்லையா என்று தயங்கிக் கேட்டேன். இல்லையாம். "அப்பா நிறுத்தினதுக்கு அப்புறம், மிச்சத்தை அம்மா ராத்திரி சமையற்கட்டில் உட்கார்ந்து போனில் பார்த்து முடிச்சிட்டாங்க, ஐயா. பாட்டியும் கூட உட்கார்ந்தாங்க" என்றாள். பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள் என்றேன்.

"ஒண்ணும் சொல்லலை. அடுத்தது என்னன்னு உங்களைக் கேட்டுக்கிட்டு வரச் சொன்னாங்க."

நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து, 'கொட்டுக்காளி' என்று எழுதி, "இது அம்மாவுக்கு, உனக்கு அன்று" என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.